நடுவில் ஒரு தம்ளர்

காலை ஒன்பது மணிக்கு அந்தச் செய்தி வந்தபோது, தேவகனி வழக்கம்போலச் செல்பேசியைக் காலித் தம்ளருக்குள் நிறுத்தியிருந்தாள். அப்படி வைத்தால் சத்தம் கூடும். அருமனை ஊரில் பாதி எழும்பியிருந்த தன் வீட்டின் நடுவறையில் மேசை போட்டு, கொத்தனார் சிவதாணு, குழாய் வேலைக்கு நேசையன், வயரிங்குக்கு மரியான் மூவரையும் பால் சேர்க்காத கட்டன்சாயாவோடு உட்காரவைத்திருந்தாள். தோகாவிலிருந்து கணவன் ஜான்ரோஸ் பேசிய பிறகுதான் அங்கே வேலை தொடங்கும். அன்று பேசியது அவனோடு தங்கியிருந்தவர். "காலத்த எழுப்பினோம். எழும்பல்ல." நான்கு பேரும் ஒன்றாகத்தான் கேட்டார்கள்.

இப்படி எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைப்பது அவன் சொல்லி வந்தது. தோகாவில் அவன் வேலை பார்த்த கட்டடக் கம்பெனியில் அறைகளை ஆலையிலேயே முழுசாகச் செய்து, கிரேனால் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மாடிகளாக்குவார்கள். முந்தைய கட்டடத்தில் அறை செய்கிறவர்களுக்கு ஒரு ஒப்பந்தம், அடுக்குகிறவர்களுக்கு வேறொன்று. அறை மேலே போன பிறகுதான் குழாயும் குழாயும் சேரவில்லை என்று தெரிந்தது. யார் தப்பு என்ற சண்டை நீண்டு, அவன் விடுமுறை போயிற்று. தேவகனி கிறிஸ்துமஸுக்குத் தனியாகக் கேக் வெட்டினாள். அடுத்த கட்டடத்துக்கு எல்லோருக்கும் ஒரே ஒப்பந்தம், லாபநட்டம் பொது, வரைபடத்துக்கு முன்னாலேயே ஒரே மேசை என்று கம்பெனியில் வாதாடி ஒப்புக்கொள்ளவைத்தான். "ஒண்ணிச்சு இருந்து பேசினா சண்டையில்ல, ஏட்டி. சண்டையில்லேன்னா லீவு உண்டு."

அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"நாலு ரூம் வீட்டுக்குச் சட்டசபையாக்கும்!" என்பார் சிவதாணு.

"சிரியும் கொத்தனாரே. பெறவு சுவர ஒடைக்க வந்தா சாயா கெடையாது."

பேச்சு முடிந்து ஆட்கள் எழுந்ததும் தம்ளர் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்பாள்: "இப்பம் அங்க எத்தன மாடி?" அவன் சொல்வான். "மேல போகப் போக நீங்க கிட்ட வாறிய, என்ன?" கடைசியாகக் கேட்டபோது நாலு மாடிதான் பாக்கி.

அடக்கம் முடிந்து சில வாரத்தில் வேலை மறுபடி தொடங்கியது. இப்போதும் காலையில் மேசை உண்டு. நடுவில் இருக்கும் தம்ளரில் யாரும் சாயா ஊற்றுவதில்லை.

போன வாரம் மரியான் தயங்கிக் கேட்டான்: "அக்கா, கட்டில் பக்கத்து சுவிட்சு... எந்தப் பக்கம்?"

முன்பு இதே கேள்விக்கு, "நான் வந்து படுத்துப் பாத்துச் சொல்லுதேன்" என்று தம்ளருக்குள்ளிருந்து பதில் வந்திருந்தது.

தேவகனி செல்பேசியை எடுத்து, யாரையும் அழைக்காமல், தம்ளருக்குள் நிறுத்தினாள். மூன்று பேரும் சாயாவைக் கீழே வைத்தார்கள்.

மற்ற அறைகளில் வயரிங் எல்லாம் முடிந்துவிட்டது. படுக்கையறையில் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் சுவிட்சுக்குக் குழி வெட்டியிருக்கிறது. இரண்டிலும் இன்னும் வயர் இழுக்கவில்லை.