அண்ணி நிரப்பாத கட்டம்

என் அண்ணிக்குப் பேப்பர் வந்தால் முதலில் குறுக்கெழுத்துதான். அதையும் பேனாவில்தான் போடுவார். "கப்பலை நகராம பிடிச்சு வைக்கிறது, அஞ்செழுத்து" என்று நான் படித்து முடிப்பதற்குள் "நங்கூரம், அடுத்தது" என்பார். வேலையற்ற வேலை என்று நான் வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்திருக்கிறேன்.

பிறகு அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. கைகால் மூன்றே மாதத்தில் தேறிவிட்டது. சாமான்களின் பெயர்கள்தான் திரும்பவில்லை. எது எதற்கு என்பது தெரியும், பெயர் மட்டும் வாயில் வராது. அண்ணன் வைத்திருப்பதோ ஹார்ட்வேர் கடை. வாடிக்கையாளருக்குக் கையால் எடுத்துக் கொடுத்துவிடலாம், மொத்த வியாபாரியிடம் போனில் எதைக் காட்டுவது? போனில் சரக்குச் சொல்ல முடியாவிட்டால் கடையைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். அண்ணி பேசித் தருகிறேன் என்றதற்கு அண்ணன் "நானே" என்றார். அந்த வார்த்தை மட்டும் நன்றாக வந்தது.

"அது... தண்ணி... மேல ஏத்தும்" என்று அண்ணன் ஆரம்பித்தால் போதும், "மோட்டார்" என்று அண்ணி போட்டுவிடுவார். நாங்கள் வாயைப் பிளந்தோம். அதில்தான் வினை வந்தது. ஒருநாள் மதியம் அண்ணன், "வெள்ளை... சாப்பிட்டு..." என்றார்.

"பாலா?"

அண்ணன் களைத்துப்போய்த் தலையாட்டினார். பால் வந்தது, குடித்தார். அடுத்த இரண்டு நாளும் அதே கதை. அவர் கேட்டது ரத்தக் கொதிப்பு மாத்திரை; பழைய அட்டை தீர்ந்து, புதுசு அண்ணியின் பையிலேயே கிடந்தது. நான்காம் நாள் தலைசுற்றலோடு போனபோது, பிரிக்காத மாத்திரை அட்டையைப் பார்த்து டாக்டர் கத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி இடிந்துபோய் உட்கார்ந்தார். "குறுக்க வர்ற கட்டத்தைப் பாக்காமலே எழுதிட்டேன்டி. முதல்ல தோணினதே சரின்னு நெனச்சேன்."

"அழுது என்ன ஆகப்போகுது? இனிமே வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க அண்ணி" என்றேன்.

அதன்பிறகு ஆளே மாறினார். சாமானின் பெயரைச் சொல்லவே மாட்டார். "எங்க இருக்கும்? எதுல செஞ்சது? கையில பிடிப்போமா, வாயில போடுவோமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். காலையில் கடைச் சாமான்களை வைத்துக் கட்டம் போடுவார், குறிப்பைத் தானே வாசிப்பார், விடை அண்ணனுடையது. விடை தெரிந்தும் சொல்லாமல் இருப்பது அவருக்கு எத்தனை பெரிய தண்டனை என்று எனக்குத் தெரியும். பேனா மூடியெல்லாம் பல் தடம்.

இரண்டு மாதம் கழித்து, கடையில் தீரப்போகும் சாமான்களில் வகைக்கு ஒன்றாக எடுத்து மேஜையில் வரிசையாக வைத்துக்கொண்டு அண்ணன் மொத்த வியாபாரிக்குப் போன் போட்டார். மொத்தம் எட்டு. முதல் சாமானைக் கையில் எடுத்தார்.

"சொல்லுங்கண்ணே, என்ன வேணும்?"

"அது... கதவு... ரெண்டு தகடு..."

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி மூடியைக் கடித்தபடி சுவரைப் பார்த்தார். எனக்குத் தாங்கவில்லை, வாயைத் திறந்தேன். தொடையில் அண்ணியின் கிள்ளு விழுந்தது, உயிர் போய்விட்டது.

"லைன்ல இருக்கீங்களாண்ணே?"

"இருக்கேன். கதவு... திரும்பும்... கீல்! கீல், ரெண்டு டஜன்."

"எத்தனை இஞ்ச்?"

"மூணு."

"சரிண்ணே, அனுப்பிடறேன். வெச்சிடவா?"

"யோவ், இரு, இன்னும் ஏழு இருக்கு" என்றார் அண்ணன்.