சுருக்காமல் போட்ட குடம்

எங்கள் கலியாணத்துக்கு வந்த பித்தளைக் குடத்தை இணைய ஏலத்தில் விற்க நினைத்து, புளி போட்டு மினுக்கிப் படமெடுத்தேன். படத்தைச் சுருக்கிப் போடும்படி தளத்தில் எழுதியிருந்தது. சுருக்கினால் மினுக்கம் தெரியாதே என்று எடுத்த அளவிலேயே போட்டேன். ஏலம் முடிந்ததும் வென்றவர் அழைத்தார். என் கணவரின் தங்கை, கனடாவில் இருப்பவள்!

“மச்சாள், படத்தைப் பெரிசாக்கிப் பாத்தன். குடத்தின்ரை கழுத்திலை என்ரை பேர் வடிவாத் தெரியுது.”

கொடுப்பவர் பெயரைப் பாத்திரத்தில் வெட்டிக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். மினுக்குகிற அவசரத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.

“பார்சலிலை அனுப்பட்டே?” என்றேன்.

“ஓம். அடுத்ததா அண்ணையைப் படமெடுத்துப் போடுங்கோ, அவரையும் நானே எடுக்கிறன்.”

இப்போதெல்லாம் எழுத்து வாசிக்க முடியாத அளவுக்குப் படத்தைச் சுருக்கிவிட்டுத்தான் போடுகிறேன். அவள் தந்த தாம்பாளத்தை அப்படித்தான் விற்றேன்.