மகளைத் திருப்பி அழைக்க ஒரு பொய்

ரியாத்தில் வேலை கிடைத்துப் போன என் மகள், முதல் மாதங்களில் வெயிலும் தூசியும் தாங்காமல் தொலைபேசியில் அழுவாள். "பீலெஃபெல்டுக்கே, எங்கட வீட்டுக்கே வந்திடு" என்பேன். பிறகு அழுகை நின்றது. மாலையில் தோழிகளோடு மணலில் விரிப்புப் போட்டு ஏலக்காய்க் கோப்பி குடிப்பதாகவும், அந்த ஊர் பிடித்துவிட்டதாகவும் சொன்னாள். எனக்கு அது பொறுக்கவில்லை. வேலை ஒப்பந்தத்தை நீட்டிக்கப் போவதாக அவள் சொன்ன அன்று, "அப்பாவுக்கு நெஞ்சு நோகுதாம், உடனே வா" என்று பொய் சொன்னேன்.

புழுதிப் புயலென்றும் பாராமல் விமான நிலையத்துக்குக் காரை எடுத்திருக்கிறாள். பாதை தெரியாமல் கார் தடுப்புச் சுவரில் மோதி நின்றது. நல்லவேளை, காயமில்லை. அங்கிருந்தே வீட்டுக்கு அழைத்தாள். எடுத்தவர் என் கணவர்.

"எனக்கென்ன பிள்ளை? புல்லு வெட்டிக்கொண்டு நிக்கிறன்."

பிறகு என்னிடம் பேசினாள். "எனக்கு இந்த ஊர் பிடிச்சிருக்கிறதை உங்களால தாங்க ஏலாதோ அம்மா?"

ஓம் என்பதுதான் உண்மை.

"எப்ப வாறாய்?" என்று இப்போது நான் கேட்பதில்லை. அவள் அந்த ஊரைப் பற்றிச் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்கிறேன். போன கிழமை, "நானும் ஒருக்கா வந்து பாக்கட்டோ?" என்றேன்.

"வாங்கோ அம்மா. ஆனா, என்னைக் கூட்டிக்கொண்டு போக வராதேங்கோ" என்றாள்.