என் கையெழுத்தில் இருந்த பத்து அளவுகள்

1. லைன் நின்ற நாள்

காலை பத்தரை மணிக்கு கஸ்டமர் பிளான்ட்டிலிருந்து போன். நாங்கள் அனுப்பிய புஷ் என்கிற சின்ன உருளை, அது உட்கார வேண்டிய ஹவுஸிங்குக்குள் இறங்கவில்லை, அசெம்பிளி லைன் நின்றுவிட்டது என்றார்கள். 2005 வாக்கில் நடந்தது இது. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்துக்கொண்டிருந்தேன். அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரைக் கையில் பிடித்துப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது.

மேனேஜர், ஒன்றாகச் செய்து அனுப்பிய அந்த லாட்டின் ரிப்போர்ட்டை என் முன்னால் வைத்தார். இருபது பீஸ் அளந்து எழுத வேண்டும். முதல் பத்தில் 24.98, 24.97, 24.99 என்று மாறி மாறி இருந்தது. பதினொன்றிலிருந்து இருபது வரை எல்லாமே 24.99. கடைசி எண் கட்டத்தைத் தாண்டிக் கீழே சரிந்திருந்தது. நிஜத்தில் லாட்டின் நடுவில் வெட்டும் டூல் தேய்ந்து, 25 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாத அளவு 25.04 வரை ஏறியிருக்கிறது.

"அளந்தீங்களா?"

முதல் பத்து பீஸ் நினைவில் இருந்தது. அடுத்த பத்தை அளந்த ஞாபகம் இல்லை. அளக்காமல் எழுதிய ஞாபகமும் இல்லை.

"நேத்து ஏதாவது போட்டீங்களா?" என்றார். நான் குடிப்பதில்லை. மூன்று நாளில் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார்.

2. நான் எழுதிய விளக்கம்

பக்கத்து டேபிளில் நாகராஜ். கெலமங்கலத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, என்னோடு தமிழ், மேனேஜரோடு கன்னடம். என்னைவிட ஐந்து வயது இளையவர். கையெழுத்து என்னுடையது போலத்தான் இருந்தது, எழுதிய நினைவுதான் இல்லை. நான் எழுதவில்லை என்றால் வேறு யார்? ரிப்போர்ட்டின் பின்பாதியைப் பக்கத்து டேபிள்காரர் நிரப்பியிருக்கலாம் என்று விளக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மேனேஜர் இருவரையும் கூப்பிட்டு அதை வாசித்தார். நாகராஜ் என்னைப் பார்த்தார்.

"நாலு மாசமா டேபிள்லயே தூங்குறீங்கண்ணா. சார் வந்தா நான்தான் இருமி உங்களை எழுப்புவேன். யார்கிட்டயும் சொல்லலை. அது என் தப்பு."

பொய் சொல்கிறார் என்றே நினைத்தேன். தினமும் எட்டு மணி நேரம் தூங்குகிறவன் நான். குறட்டைச் சத்தம் தாங்காமல் என் மனைவி ஹாலுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும் அளவுக்கு நல்ல தூக்கம்.

3. கிருஷ்ணகிரிக்கு முன்னால்

கஸ்டமர் பிளான்ட்டில் கெட்ட பீஸைப் பிரித்தெடுக்க எங்கள் இருவரையுமே அனுப்பினார்கள். போகும்போது வேனில் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. வேலை முடிந்து மத்தியானம் திரும்பும்போது நான் தூங்கிப்போனேன். விழித்தபோது கிருஷ்ணகிரிக்கு முன்னால் ரோட்டோரம் வேன் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் கதவைத் திறந்து கையில் தண்ணி பாட்டிலோடு நின்றார். நாகராஜ் என் தோளை உலுக்கிக்கொண்டிருந்தார்.

"குறட்டை விட்டுட்டே இருக்கீங்க, திடீர்னு நின்னுபோகுது. வயிறு மட்டும் ஏறி இறங்குது, மூச்சு வரலை. வாட்ச்ல பார்த்தேன், முப்பது செகண்ட். அப்புறம் தண்ணிக்குள்ள இருந்து எந்திரிச்ச மாதிரி இழுக்குறீங்க. டாக்டரைப் பாருங்கண்ணா."

வீட்டில் கேட்டேன். "முன்னாடியே அப்படித்தான். ஏதோ கனவு காணுறீங்கன்னு நினைச்சேன்," என்றாள் மனைவி. "ஹாலுக்கு வந்தப்புறம் எனக்கு என்ன தெரியும்?"

ஓசூரில் பார்த்த டாக்டர் சுகர், தைராய்டு எல்லாம் சரி, பிரஷர்தான் அதிகம் என்று மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டும் டேபிளில் கண் செருகியது. எனக்கு என்னதான் வியாதி என்றே புரியவில்லை. கடைசியில் பெங்களூரில் ஒரு டாக்டர், உடம்பெல்லாம் ஒயரை ஒட்டித் தூங்கச் சொல்லி டெஸ்ட் எடுத்தார்.

"ஒரு மணி நேரத்துல நாற்பது தடவைக்கு மேல உங்க மூச்சு நிக்குது. தொண்டை அடைச்சுக்குது. ஒவ்வொரு தடவையும் மூளை உங்களை எழுப்பித்தான் மூச்சு விட வைக்குது. நீங்க எட்டு மணி நேரம் படுத்திருக்கீங்க, அவ்வளவுதான். உங்க பிரஷருக்கும் இது ஒரு காரணம். இப்படியே விட்டா ஹார்ட்டுக்கு ஆபத்து."

பத்து அளவுகளைப் பற்றிக் கேட்டேன். தூக்கம் போதாத மூளை பகலில் சில நிமிஷம் அணைந்து போகலாம், கை பழக்கத்தில் எழுதிக்கொண்டே இருக்கும் என்றார். எழுதியது நான்தான். அப்போது நான் அங்கே இல்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

4. கேன்டீன்

மூக்கில் மாஸ்க் மாட்டிக் காற்றை உள்ளே தள்ளும் மெஷின் கொடுத்தார்கள். முதல் வாரம் அதைப் பிடுங்கி எறிந்தேன். மூன்றாவது வாரம் ஒரு காலையில் எழுந்தபோது தலை கனக்கவில்லை. வருஷக்கணக்கில் கனத்துக்கொண்டிருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்த மேனேஜர் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார். நாகராஜைப் பற்றி எழுதியது தவறு என்று நானாகவே இன்னொரு கடிதம் எழுதி, நாகராஜிடமே காட்டினேன். வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"லெட்டர் ஃபைல்ல இருக்கும், யார் பார்ப்பாங்க? கேன்டீன்லதான் என்னை எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தாங்க. அங்க சொல்லுங்கண்ணா."

அன்றைக்கு முதல் ஷிஃப்ட் சாப்பாட்டில், தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று சொன்னேன். சிலர் சிரித்தார்கள். நாகராஜ் தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தார். பிறகு தன் டம்ளரோடு என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

பின்னால் நான் செக்‌ஷன் இன்சார்ஜ் ஆனேன். லைனில் யாராவது கண் அசந்தால் மெமோ எழுதமாட்டேன். "வீட்டுல உங்க பக்கத்துல படுக்குறவங்க யாரு? அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க," என்பேன். என் சர்வீஸில் அப்படிக் கேட்டுவிட்டு வந்தவர்களில் மூன்று பேர் இன்றைக்கு மெஷின் போட்டுத்தான் தூங்குகிறார்கள்.