வயிற்றெரிச்சலுக்கு ஏது கலோரி

என் ஓரகத்தியும் நானும் ஒரே மாதிரிக் கைக்கடிகாரம் கட்டியிருக்கிறோம். வாங்கிக் கொடுத்தது என் வீட்டுக்காரர். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, உடம்பைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், ராஜபாளையத்துக் கடை ஒன்றில் எனக்கு வாங்கினார். அதோடு விட்டிருக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருக்கும் தம்பியின் பெண்டாட்டிக்கும் ஒன்று வாங்கி, இரண்டையும் ஒரே ஆப்பில் சேர்த்துவிட்டார். போட்டி இருந்தால்தான் நான் எழுந்து குதிப்பேனாம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

சாயங்காலம் படுக்கையறையில் செல்போனைச் சாய்த்து வைத்து, அதில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே குதிப்பதைப் பார்த்து நானும் குதிப்பேன். அவளுக்கு மூச்சே வாங்காது. எனக்குக் கட்டில் அதிரும். கீழ்வீட்டு அம்மா ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, புதுசாகக் கிரைண்டர் ஏதும் வாங்கியிருக்கிறீர்களா என்று விசாரித்தார். இவ்வளவு அவமானமும் பட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஆப்பைத் திறந்தால் எனக்கு மேலே என் ஓரகத்தி இருப்பாள். நான் எரித்த கலோரியைப் போல இரண்டு பங்கு எரித்திருப்பாள். ஏதோ ஒருநாள் என்றால் போகட்டும் என்று விடலாம். தினமும் இதே கதை.

ராத்திரி தட்டில் தோசையை வைத்ததும் வீட்டுக்காரர் போனை எடுப்பார். "அவ எம்புட்டு எரிச்சிருக்கா பாரு" என்பார். என்னைக் குத்திக்காட்டுகிறார் என்றால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுக்கலாம். மனுசர் உண்மையாகவே ஆச்சரியப்படுகிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அந்தக் குரலில் அவர் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரே ஒரு நாள் நான் அவளுக்கு மேலே வரவேண்டும். அதை அவர் பார்க்க வேண்டும், அதே குரலில் சொல்லவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான், சர்க்கரையெல்லாம் பிறகு. வயிற்றெரிச்சலுக்கும் கலோரி உண்டென்றால் இந்நேரம் நான் ஊசியாக இளைத்திருப்பேன்.

அவளோ ஏற்கெனவே ஒல்லி. இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் கல்யாணப் பட்டின் ரவிக்கை அவளுக்கு அப்படியே பொருந்துகிறது. நான் என்னுடையதைப் பீரோவில் பார்ப்பதோடு சரி. ஒல்லியாக இருப்பவளுக்கு எரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவே இல்லை.

ஒரு சனிக்கிழமை அவள் கணக்கைத் தொட்டு உள்ளே போய்ப் பார்த்தேன். என்ன உடற்பயிற்சி என்று போட்டிருந்தது. ரோயிங், அதாவது படகு வலிப்பது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏது படகு? மகளைக் கேட்டேன். அதற்கு வீட்டுக்குள்ளேயே மெஷின் இருக்கிறது, உட்கார்ந்து இழுத்தால் போதும், விலைதான் ஜாஸ்தி என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழே விரிக்க ஒரு நல்ல விரிப்பு கேட்டதற்கு, பழைய ஜமுக்காளம் போதாதா என்று சொன்ன குடும்பம் இது. அவளுக்கு மட்டும் மெஷினா?

மறுநாள், ஆண்டாளைப் பார்த்து நாளாகிவிட்டது என்று வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கோயில் பக்கமே போகவில்லை. நேரே அவள் வீட்டுக்குத்தான் போனேன்.

முன்னால் கடை, நடுவில் வீடு, பின்னால் பால் காய்ச்சும் கொட்டகை. கடையில் இருந்த கொழுந்தனாரிடம் தலையாட்டிவிட்டு உள்ளே நுழைந்தேன். கூடத்தில் மெஷின் இல்லை. படுக்கையறையிலும் எட்டிப் பார்த்தேன், இல்லை. பின்னால் போனால், விறகடுப்பில் பெரிய இரும்புச் சட்டி. நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, என் ஓரகத்தி நீளக் கரண்டியை இரண்டு கையாலும் முன்னே தள்ளிப் பின்னே இழுத்துக்கொண்டிருந்தாள். கையில் கடிகாரம். ஓகோ, இதுதான் படகா!

பால்கோவா கிண்டிய ஆள் வேறு கடைக்குப் போய்விட்டானாம். அதிலிருந்து காலையும் மாலையும் இவள்தான் கிண்டுகிறாளாம். கிண்ட ஆரம்பித்தால் கடிகாரம் அதிர்ந்து இங்கிலீஷில் என்னவோ கேட்குமாம், இவளும் பச்சைப் பொத்தானை அமுக்கிவிடுவாளாம். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அப்படியென்றால் இது உடற்பயிற்சியே இல்லை, கணக்கில் சேராது என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

அவள் மறுக்கவில்லை. கரண்டியை நிறுத்தவும் இல்லை.

"நான் எங்கக்கா எக்சர்சைஸ் பண்ணப் போறேன்? சாயங்காலம் உங்களுக்குப் போன் போட்டா அத்தான்தான் எடுக்காக. அவ கதவச் சாத்திக்கிட்டு எக்சர்சைஸ் பண்ணுதா, பொறவு பேசுங்காக. அந்த அரை மணி நேரம் உங்கள ஒருத்தரும் கூப்பிட மாட்டாக. அதக் கேக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்க்கா."

என்னைப் பார்த்துப் பொறாமைப்படவும் ஓர் ஆள் இருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பெருமையாகக்கூட இருந்தது. கொடு, செத்த நேரம் நான் கிண்டுகிறேன், நீ போய்க் கதவைச் சாத்திக்கொள் என்றேன். இரக்கப்பட்டுச் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் கையிலும் கடிகாரம் இருந்தது.

கையை நிறுத்தாதீர்கள், அடிபிடித்தால் அத்தனையும் போச்சு என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. கடிகாரம் அதிர்ந்தது, பச்சையை அமுக்கினேன். பால் இறுக இறுகக் கரண்டி நகர மறுத்தது. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. அனலில் கண்ணுக்குள் வேர்வை இறங்கியது, துடைக்கக் கை இல்லை. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் போன் போட்டார். ஒரு கையால் எடுத்துத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

"ஏட்டி, கோயிலுக்குப் போறேன்னுட்டு அங்க என்ன பண்ணுத? அவளையே முந்திட்டியே. எம்புட்டு எரிச்சிருக்க!"

அதே குரல். எத்தனை ராத்திரி அதற்காக ஏங்கியிருக்கிறேன். ஆனால் என் காது அங்கே இல்லை. கொட்டகையை ஒட்டிய அறையின் சாத்திய கதவுக்குப் பின்னால் மெல்லிய குறட்டை கேட்டது. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். குறட்டை நிற்கவில்லை. இன்னொரு தடவை உரக்கக் கூப்பிட்டேன். பட்டப்பகலில், காற்றாடிக்குக் கீழே, காலை நீட்டி, யாருக்கும் பதில் சொல்லாமல் தூங்குகிறாள்.

கேட்கிறதா, கேட்கிறதா என்று அவர் போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். கொடுத்துவைத்தவள் என்று பொருமிக்கொண்டே நான் கிண்டினேன்.