சுவருக்குள் இருந்த தேனடை

இன்று கடையில் தேன் பாட்டிலைப் பார்த்ததும் எழுபத்திரண்டில் பட்டாபிராமில் குடியிருந்த வாடகை வீடு ஞாபகம் வந்தது.

படுக்கையறைச் சுவருக்குள் தேனீக்கள் கூடு கட்டி, என் மனைவியின் கண்ணிமையிலேயே ஒன்று கொட்டிவிட்டது.

பக்கத்துப் போர்ஷனில் இருந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"உன் ரூம்ல கீற பூச்சிக்கு நான் இன்னா பண்றது? நீயே பாத்துக்கோ."

வேப்பம்பட்டிலிருந்து தேனெடுக்கும் முனுசாமியை அழைத்து வந்தேன். அவர் புகை போட்டு, நாலு செங்கல்லைப் பெயர்த்து, ராணித் தேனீயைப் பெட்டிக்குள் விட்டார். கூட்டம் பின்னாலேயே போனது.

அடையை வெளியே எடுத்ததும் வீட்டுக்காரர் தூக்குச்சட்டியோடு வந்து நின்றார்.

"செவுரு என்னுது. தேனும் என்னுதுதான்."

வீங்கிய கண்ணோடு என் மனைவி அடையைச் சட்டியில் வைத்தாள். அவர் மூடி போட்டு எடுத்துப் போனார்.

சட்டியில் வைக்கும்போதே அடையின் அடியில் பத்துப் பதினைந்து தேனீக்கள் உயிரோடு ஒட்டியிருந்ததை நானும் அவளும் பார்த்தோம். அவரிடம் சொல்லியிருக்கணுமோ?