வெள்ளிக்கிழமைக் காற்று

மகளுக்கு இழுப்பு வருத்தம். கொட்டாஞ்சேனையில் துறைமுக லொறிகள் கக்கும் புகைதான் காரணம் என்று முடிவெடுத்து, வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஃபிளாட் ஒன்றுக்கு மாறினோம். வாடகையைக் கேட்டால் எனக்கே மூச்சு முட்டும். ஆனாலும் கடல் காற்று கடல் காற்றுதானே.

இழுப்பு குறைந்தது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் திரும்பி வந்தது. அதென்ன வெள்ளிக்கிழமை? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கீழ்க்கடையில் ரோல்ஸ் பொரிக்கும் எண்ணெயைச் சந்தேகப்பட்டேன். கடலோர ரயிலைச் சந்தேகப்பட்டேன். ஆனால் ரயில் எல்லா நாளும்தானே ஓடுகிறது!

கனடாவில் இருக்கும் தங்கை, காற்றிலுள்ள தூசியை அளக்கும் சின்ன மெஷின் ஒன்றை அனுப்பினாள். நல்ல காற்றுக்குப் பச்சை, கூடாத காற்றுக்குச் சிவப்பு. ஒரு வெள்ளி பின்னேரம் அதைப் பால்கனியில் வைத்தேன். பச்சை. உள்ளே கொண்டுவந்தேன். சிவப்பு. உப்புக் காற்று இதையும் தின்றுவிட்டதாக்கும் என்று நினைத்தேன். இங்கே ஃபிரிட்ஜுக்கே துருப்பிடிக்கும். துடைத்துவிட்டு வெளியே வைத்தால் மறுபடி பச்சை. எனக்கு மண்டை காய்ந்தது.

மனைவி சாம்பிராணித் தட்டோடு அறை அறையாகப் போய்க்கொண்டிருந்தாள். ஜன்னல்கள் எல்லாம் பூட்டியிருந்தன. கடல் காற்று விளக்கை நூர்த்துவிடும் என்று, வெள்ளிக்கிழமைப் பூசைக்கு நாங்கள் பூட்டுவதுதான்.

“இந்தப் புகைதான் போல,” என்றேன்.

“பிள்ளைக்கு இழுப்பு மாறோணுமெண்டுதானே இவ்வளவும் செய்யிறன். சாமிக்குக் காட்டுற புகை எப்பிடியப்பா கூடாததாகும்?”

அவள் குரல் உடைந்தது. நான் இருதலைக் கொள்ளி எறும்பானேன். மெஷினை நம்புவதா, இத்தனை வெள்ளி நானும் சேர்ந்து கும்பிட்டதை நம்புவதா? சத்தியமாகத் தெரியவில்லை.

மகள் சாமிப் படத்துக்கு முன்னால் கண்களை இறுக மூடி, அசையாமல் நின்றாள். எட்டு வயதில் இவ்வளவு பக்தியா என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறோம். பூசை முடிந்ததும் அவளையே கேட்டேன்.

“சாம்பிராணி உங்களுக்குக் கஷ்டமா இருக்கோ அம்மா?”

அவள் முதலில் தாயின் முகத்தைப் பார்த்தாள்.

“இல்லையப்பா. அம்மா மணி அடிச்சு முடிக்குமட்டும் நான் மூச்சைப் பிடிச்சுக்கொண்டுதானே நிக்கிறனான்.”

மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய் ஜன்னலைத் திறந்தாள். விளக்கு நூர்ந்தது. அவள் அதைத் திரும்பக் கொளுத்தவில்லை.